கை வைத்தால் வெள்ளைப் பொடி ஒட்டும் பழைய மோட்டார்ஹோம்: பெயிண்ட் அடிப்பதற்கு முன் என்ன செய்யலாம்?

கேள்வி: ஜொகூர் பாருவில் இருக்கும் என் மச்சான், ஜப்பானில் செய்த ஒரு பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வீட்டுவண்டி) வாங்கியிருக்கிறார். இருபது வயதுக்கு மேல் இருக்கும். ஃபைபர் உடம்பு, வெள்ளை நிறம், பக்கவாட்டில் பழுப்பு ஸ்டிக்கர் பட்டைகள். பல வருடம் திறந்தவெளியில் நின்றதால் பளபளப்பே இல்லை. தொட்டால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. ஒரு பட்டறையில் முழுக்கப் பெயிண்ட் அடிக்கச் சொல்கிறார்கள். இன்னொருவர் தரைக்குப் போடும் பாலிஷைப் பூசினாலே போதும் என்கிறார். நான் சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறேன். வாரக்கடைசியில் போய் உதவ முடியும். நாங்களே செய்ய முடியுமா?

பதில்:

முடியும் தம்பி. இரண்டு பேர், நாலைந்து வாரக்கடைசி, கொஞ்சம் பொறுமை. அவ்வளவுதான் வேண்டும். நான் துவாஸ் பக்கம் படகுப் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக ஃபைபர் வேலை பார்க்கிறேன். மோட்டார்ஹோம் என்று கை வைத்தது நாலைந்துதான், எல்லாமே ஜொகூரில் நின்றவை. ஆனால் படகின் உடம்பும் உங்கள் வண்டியின் உடம்பும் ஒரே சரக்கு. உள்ளே கண்ணாடி இழையும் ரெசினும், அதற்கு மேலே நிறம் கலந்த ஜெல்கோட். படகில் என்ன செய்கிறோமோ அதேதான் இங்கேயும்.

முதலில் அந்த வெள்ளைப் பொடி என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். அது அழுக்கு இல்லை. ஜெல்கோட் என்பது பாலியெஸ்டர் ரெசினில் நிறப்பொடியைக் கலந்து செய்த மேல்தோல். வெள்ளை என்றால் அந்தப் பொடி பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் ரெசினைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது. பொடியைப் பிடித்துவைத்திருந்த பசை போய்விட்டால், பொடி மட்டும் மேலே தனியாக நிற்கும். அதுதான் உங்கள் கையில் ஒட்டுகிறது. சுவரில் அடித்த சுண்ணாம்பு சட்டையில் ஒட்டுமே, அதே கதை.

நம் ஊர் வெயிலுக்கு இது ரொம்பப் பிடித்த வேலை. சிங்கப்பூரும் ஜொகூர் பாருவும் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை டிகிரிக்குள் இருக்கின்றன. புற ஊதாக் குறியீடு இங்கே நண்பகலில் 11ஐத் தாண்டுவது அபூர்வமில்லை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். நம் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். அதனால்தான் இங்கே நிற்கும் வண்டிகளில் கூரையும், டிரைவருக்கு மேலே முன்னால் சரிந்து நீட்டியிருக்கும் மூக்கும்தான் முதலில் சாகும். பக்கச் சுவர்கள் காலை வெயிலையும் மாலை வெயிலையும் மட்டும் வாங்குவதால் கொஞ்சம் தப்பிக்கும். உங்கள் வண்டியையும் போய்ப் பாருங்கள், ஒரே வண்டியில் மூன்று நான்கு விதமான வயது தெரியும்.

இதில் நான் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். ஜெல்கோட் ஒரு கையிருப்பு. படகுகளில் புதிதாக இருக்கும்போது அரை மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும்; மோட்டார்ஹோம் பலகைகளில் அதைவிட மெல்லியதாகவும் இருக்கலாம். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அதிலிருந்து கொஞ்சம் செலவழிக்கிறீர்கள். செலவழித்ததைத் திரும்பப் போட முடியாது. அதனால் செத்த தோலை மட்டும் எடுத்துவிட்டு, உயிருள்ள தோல் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். பளபளப்பு புட்டியிலிருந்து வருவதில்லை, அடியில் ஏற்கெனவே இருக்கிறது. எவ்வளவு குறைவாகத் தேய்த்து அதை வெளியே கொண்டுவருகிறீர்கள் என்பதில்தான் வேலை தெரிந்தவன், தெரியாதவன் வித்தியாசம்.

இனி சோதனை. எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். முன்பக்கம் டிரைவர் இருக்கும் கேபின், அதன் கதவுகள் இவையெல்லாம் இரும்பாகத்தான் இருக்கும். அங்கே காந்தம் ஒட்டும். அது கார் பெயிண்ட். ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் என்றால் கார் பெயிண்டின் மேல் இருக்கும் நிறமில்லாத மேற்பூச்சான கிளியர் கோட் அதில் பத்தில் ஒரு பங்குதான். பின்னால் இருக்கும் ஃபைபரைத் தேய்த்த அதே வேகத்தில் கேபினையும் தேய்த்தால் பத்து நிமிடத்தில் அடிப்பூச்சான பிரைமர் தெரியும். எது இரும்பு, எது ஃபைபர் என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். மச்சானும் நீங்களும் மாறி மாறி மெஷின் பிடிக்கும்போது அது உதவும்.

அடுத்து, கறுப்புத் துணி ஒன்றில் கொஞ்சம் காம்பவுண்ட் (தேய்த்து மங்கலை எடுக்கும் பசை) தொட்டு, கண்ணில் படாத ஒரு மூலையில் கையாலேயே தேய்த்துப் பாருங்கள். துணியில் வெள்ளை வந்தால் நல்லது. நிறமுள்ள தோலையே தொடுகிறீர்கள், மீட்கலாம். நிறம் எதுவும் வராமல், மேலே பாம்புச் சட்டை மாதிரி தோல் உரிந்து ஓரங்கள் தூக்கிக்கொண்டு நின்றால் அது கிளியர் கோட் செத்துப்போனது. அதை எந்தப் பாலிஷும் காப்பாற்றாது, அந்தப் பகுதிக்கு மட்டும் பெயிண்ட்தான் வழி. ஃபைபர் உடம்புக்கு மேலேயே முன்பு யாராவது கிளியர் கோட் போட்ட பெயிண்ட் அடித்திருந்தாலும் இந்தச் சோதனையில் தெரியலாம்.

மூன்றாவது, தண்ணீர். மங்கிய இடத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளித் தெளியுங்கள். நனைந்த இடத்தில் பழைய வெள்ளை சட்டென்று எழுந்து வரும், காய்ந்ததும் மறைந்துவிடும். அப்படி எழுந்தால் அடியில் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். நனைத்தாலும் திட்டுத்திட்டாகச் சாம்பல் நிறமோ, இழையின் பின்னலோ தெரிந்தால் ஜெல்கோட் தீர்ந்துவிட்டது. அந்த இடத்தில் மெஷினை வைக்கவே வேண்டாம்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. அந்தப் பழுப்புப் பட்டைகள் எங்கேயாவது ஓரம் தூக்கியிருக்கும். ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் சூடு காட்டி, இரண்டு அங்குலம் மட்டும் மெதுவாக உரித்துப் பாருங்கள். ஸ்டிக்கருக்கு அடியில் வெயில் படவே இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அதே பளபளப்பு அங்கே இருக்கும். விரல் நுனியால் வருடினால் பக்கத்தில் இருக்கும் மங்கிய இடத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும். ஒன்று கண்ணாடி, மற்றது கரும்பலகை. எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை அந்த இரண்டு அங்குலமே சொல்லிவிடும். வேலை முடியும் வரை அதைப் பார்த்துப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தரைப் பாலிஷ் விஷயம். உங்களுக்குச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. தரைக்குப் போடும் அக்ரிலிக் பாலிஷை நாலைந்து கை பூசினால் அன்றைக்கு வண்டி பளபளவென்று இருக்கும். தண்ணீர் தெளித்தபோது வந்த அதே பளபளப்புதான், காயாத தண்ணீர் மாதிரி ஒரு படலம். ஆனால் அடியில் இருப்பது பொடி. பொடியின் மேல் ஒட்டிய படலம் நம் வெயிலிலும் மழையிலும் மஞ்சளித்து, திட்டுத்திட்டாக உரியும். அப்புறம் அதை எடுப்பதற்குத் தரைப் பாலிஷ் நீக்கும் அமோனியா கலந்த திரவத்தைப் போட்டு, அங்குலம் அங்குலமாகச் சுரண்ட வேண்டும். அப்படிச் சுரண்டும் வேலை இரண்டு முறை என்னிடம் வந்தது. தேய்த்து மெருகேற்றுவதைவிட அதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. ஜெல்கோட் தீர்ந்துபோன, இன்னும் ஒரு வருடத்தில் விற்கப்போகிற வண்டிக்கு வேண்டுமானால் அது சரி. உங்கள் வண்டிக்கு வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். கழுவுவதிலிருந்து தொடங்கும் என்று நினைப்பீர்கள். அதற்கு முன்னால் ஏணி வைத்துக் கூரையைப் பாருங்கள். கூரையில் காற்றுப்போக்கி, ஜன்னல், ஆண்டெனா என்று எங்கெல்லாம் ஓட்டை போட்டிருக்கிறார்களோ அங்கெல்லாம் தண்ணீர் இறங்காமல் சுற்றிலும் பூசிய அடைப்புப் பசை, அதாவது சீலண்ட், வெடித்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். பழைய வண்டியைக் கொல்வது மங்கல் இல்லை, ஒழுகல்தான். உள்ளே மூலைகளில் மரப்பலகை மெத்தென்று அமுங்கினால் தண்ணீர் ஏற்கெனவே இறங்கியிருக்கிறது. அதை முதலில் பாருங்கள். வெளியே பளபளப்பாக்கி உள்ளே மக்கிப்போன வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெடித்த இடங்களைச் சுரண்டி எடுத்துவிட்டு பாலியூரித்தேன் சீலண்ட் போடுங்கள். குளியலறைக்குப் போடும் சிலிகானைத் தயவுசெய்து போடாதீர்கள். அதன் எண்ணெய் சுற்றிலும் பரவினால் பிறகு பெயிண்டும் ஒட்டாது, வேறு சீலண்டும் ஒட்டாது. கூரையில் ஏறி நடக்கவும் வேண்டாம். நடப்பதற்காகச் செய்த கூரை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், பலகை போட்டு ஏறுங்கள்.

சீலண்ட் காய்ந்த பிறகு கழுவுங்கள். பிரஷர் மெஷினை மூட்டுகளுக்கும் ஜன்னல் ரப்பருக்கும் நேராகக் காட்டக் கூடாது. தண்ணீரை நீங்களே உள்ளே தள்ளிவிடுவீர்கள். வாளி, மெல்லிய பிரஷ், பாத்திரம் கழுவும் திரவம் போதும். எப்போதும் அதைப் பயன்படுத்தச் சொல்ல மாட்டேன், அது வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். ஆனால் இந்த ஒரு முறை பழைய வாக்ஸ் எல்லாம் போக வேண்டும் என்பதுதான் நோக்கம். கூரையிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். பக்கவாட்டில் ஒழுகி நிற்கும் கறுப்புக் கோடுகள் எல்லாம் கூரையின் அழுக்கும் பூஞ்சையும்தான். கூரை சுத்தமாக இல்லாவிட்டால் நீங்கள் மெருகேற்றிய பக்கச்சுவரில் அடுத்த மழைக்கே அந்தக் கோடுகள் திரும்ப வந்துவிடும்.

பச்சைப் பாசிக்கும் பூஞ்சைக்கும் வீட்டு பிளீச்சை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தடவி, ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். திருகாணிகளுக்குக் கீழே துருக்கறை இருந்தால் அதற்கு ஆக்ஸாலிக் அமிலம் கலந்த கறைநீக்கி வேண்டும். இந்த இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் போடாதீர்கள். பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பிளீச்சும் அமோனியாவும் சேர்ந்தாலும் நச்சுதான். கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

கழுவும்போது ஜன்னல்களைக் கவனியுங்கள். மோட்டார்ஹோம் ஜன்னல்கள் பலவும் கண்ணாடி இல்லை, அக்ரிலிக். நகத்தால் தட்டினால் டொக்கென்று சத்தம் வரும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரோ ஆல்கஹாலோ பட்டால் அதில் மயிரிழை விரிசல்கள் விழும், பிறகு சரிசெய்யவே முடியாது. மாற்று ஜன்னல் கிடைப்பதும் இந்தப் பக்கம் சுலபமில்லை. சோப்புத் தண்ணீர் மட்டும் போதும். மெஷின் வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு ஜன்னலையும் பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். கறுப்பு ரப்பர், கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்கள் எல்லாவற்றுக்கும் டேப். காம்பவுண்ட் அவற்றில் பட்டுக் காய்ந்தால் வெள்ளைத் தழும்பு மாதிரி நிற்கும்.

பழுப்புப் பட்டைகளைப் பற்றி மச்சானிடம் இப்போதே பேசிவிடுங்கள். வைத்துக்கொள்வதா, எடுப்பதா? இருபது வருட வெயில் பட்ட வினைல் வெடித்துத்தான் இருக்கும், மெஷின் பட்டால் பிய்ந்துபோகும். எடுப்பதென்றால் ஹேர் டிரையரும் பிளாஸ்டிக் சுரண்டியும் வைத்துப் பொறுமையாக எடுக்க வேண்டும். மிஞ்சும் பசைக்கு டர்பண்டைன் தொட்ட துணி போதும், முதலில் ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள். எடுத்த பிறகு அந்தப் பட்டையின் உருவம் ஆவி மாதிரி நிற்கும். சுற்றியுள்ள இடத்தை மெருகேற்றினால் பெரும்பாலும் மங்கும், முழுக்கப் போகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். அதே இடத்தில் அதே அகலத்தில் புதுப் பட்டை ஒட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இனி மெஷின். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எல்லோரும் தடுமாறுவது இங்கேதான்.

பாலிஷ் மெஷினில் இரண்டு வகை. ஒன்று நேராகச் சுற்றுவது, ரோட்டரி. மற்றது சுற்றிக்கொண்டே ஆடுவது, டூயல் ஆக்‌ஷன். ரோட்டரியில் கம்பளி பேட் போட்டால் மங்கல் சீக்கிரம் போகும், ஆனால் ஒரே இடத்தில் மூன்று நொடி நின்றால் சுட்டுவிடும். முதல் முறை பிடிப்பவருக்கு டூயல் ஆக்‌ஷன்தான் நல்லது. வேகம் குறைவு, ஆபத்தும் குறைவு. உங்கள் இருவரில் யாராவது கிரைண்டர் பிடித்துப் பழகியவராக இருந்தால், பெரிய தட்டையான பக்கச் சுவர்களுக்கு மட்டும் ரோட்டரியை 1200 முதல் 1500 சுற்று வேகத்தில் பிடிக்கலாம். வளைவுகளுக்கும் மூலைகளுக்கும் டூயல் ஆக்‌ஷன், அல்லது கை.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு கருநீலப் படகின் மேல் ஓரத்தில் ரோட்டரியை வைத்தேன். தட்டையான இடத்தில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஓரத்தில் பேட் சாய்ந்ததும் முழு அழுத்தமும் ஒரு கோட்டில் விழுந்தது. நீலம் முதலில் வெளிறியது. என்ன ஏது என்று நான் யோசிப்பதற்குள் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் ஃபைபர் தெரிந்துவிட்டது. ஒரு விரல் நீளம்தான். அந்த ஒரு விரல் நீளத்துக்கு ஜெல்கோட் கலந்து, நிறம் பொருத்தி, பூசி, காயவைத்து, உப்புத்தாள் போட்டு எடுக்க மூன்று நாள் ஆனது. எங்கள் பட்டறையில் இருந்த மூத்த மலாய்க்காரர் ஒன்றும் திட்டவில்லை. மிச்சமிருந்த ஓரங்களை எல்லாம் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஓரத்துக்கு டேப் ஒட்டாமல் நான் மெஷினை எடுத்ததில்லை. நீங்களும் ஒட்டுங்கள். ஓரம், மடிப்பு, திருகாணி மூடி, கதவு விளிம்பு எல்லாவற்றிலும். கடைசியில் டேப்பை எடுத்துவிட்டு, அந்த அரை அங்குலத்தைக் கையால் தேய்த்துக்கொள்ளலாம்.

நேரம் முக்கியம். பலகை சூடாக இருக்கும்போது காம்பவுண்ட் போட்ட மறுநிமிடமே காய்ந்து பிசுக்காகிவிடும். நமக்குச் சூரியன் உதிப்பதே ஏழு மணி வாக்கில், உச்சி வெயில் ஒரு மணியை ஒட்டி. அதனால் ஏழு முதல் பத்து வரை, அப்புறம் ஐந்து மணிக்கு மேல் இருட்டும் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலையில் கடற்பாலத்தில் நின்றால் அந்தப் பொழுது அங்கேயே போய்விடும். முடிந்தால் வெள்ளி இரவே போய்விடுங்கள். ஒரு கூடாரமோ தார்ப்பாயோ கட்டி நிழல் செய்ய முடிந்தால் நாள் முழுக்க வேலை நடக்கும்.

செய்முறை இதுதான். இரண்டடிக்கு இரண்டடி, அதாவது 60 செ.மீ. சதுரம் ஒன்றை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டில் நாலைந்து சொட்டு ஃபைபருக்கான கட்டிங் காம்பவுண்ட். மெஷினை ஓடவிடும் முன் சதுரம் முழுக்கப் பூசிவிடுங்கள், இல்லாவிட்டால் முகத்தில் தெறிக்கும். பிறகு இடம் வலமாக, ஒவ்வொரு ஓட்டமும் முந்தியதன் பாதியை மூடுவதுபோல மெதுவாகப் போங்கள். அடுத்து மேலும் கீழுமாக. தோசைக்கல்லில் மாவை இழுக்கும் கை அழுத்தம் போதும், மெஷினின் எடையே பாதி வேலையைச் செய்யும். முதல் ஓட்டத்தில் பேட் கரகரவென்று சத்தம் போடும், வெள்ளைக் குழம்பு சுற்றிலும் ஒதுங்கும். மூன்றாவது நான்காவது ஓட்டத்தில் சத்தம் வழவழவென்று மாறும். காது பழகிவிட்டால் அந்த மாற்றமே நிறுத்தச் சொல்லும். துடைத்துவிட்டுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். எதிரில் இருக்கும் மரமோ வீட்டுக் கேட்டோ அதில் நிழலாகத் தெரிய ஆரம்பித்தால் போதும். புறங்கையை வைத்துப் பாருங்கள், சூடு தாங்கவில்லை என்றால் அடுத்த சதுரத்துக்குப் போய்விட்டு அப்புறம் வாருங்கள்.

பேட்டை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு சதுரத்துக்கு ஒரு முறை பழைய பல்துலக்கும் பிரஷால் சுரண்டிவிடுங்கள். செத்த ஜெல்கோட் பேட்டில் அடைத்துக்கொண்டால் அது தேய்க்காது, வழுக்கிக்கொண்டு சூடு மட்டும் கிளப்பும். பாதி வேலையில் 'இந்த காம்பவுண்ட் சரியில்லை' என்று புலம்புபவர்களின் பேட்டைப் பார்த்தால் அது அப்பளம் மாதிரி இறுகிக் கிடக்கும். குறைந்தது ஐந்து பேட் வாங்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து மீட்டர் வண்டி என்றால் இரண்டு பக்கம், பின்பக்கம், மூக்கு, கூரை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 36 சதுர மீட்டர். அந்த இரண்டடிச் சதுரங்கள் நூறு. சதுரத்துக்கு ஏழு நிமிடம் என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதுவும் கட்டிங் ஒரு சுற்றுக்கு மட்டும். ஒரு காலையில் மூன்று மணி நேரம் என்றால் நான்கு காலை. அதற்கு மேல் மெருகு பாலிஷ் ஒரு சுற்று, வாக்ஸ் ஒரு சுற்று. இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் இரண்டாவது நாள் மனம் சோராது. முதல் சதுரத்தை வண்டியின் பின்பக்கம் கீழே, யாரும் பார்க்காத இடத்தில் செய்யுங்கள். கையை அங்கே பழக்குங்கள்.

கட்டிங் காம்பவுண்ட் மூன்று முறை போட்டும் மங்கல் போகவில்லை என்றால் தண்ணீர் உப்புத்தாள் போட வேண்டியிருக்கும். அந்த மூக்குப் பகுதிக்கு அநேகமாகத் தேவைப்படும். முதலில் 1500 எண் தாளில் முயலுங்கள், போதவில்லை என்றால் மட்டும் 1000. பிறகு 1500, 2000 என்று ஏறி வந்து காம்பவுண்ட். தாளை வெறும் விரலால் பிடிக்காமல் ரப்பர் கட்டையில் சுற்றிப் பிடியுங்கள், விரல் அழுத்தம் கோடு கோடாகப் பள்ளம் போடும். பென்சிலால் மேலே மெல்லிய கோடுகள் இழுத்துவிட்டுத் தேய்த்தால், கோடு மறைந்ததும் நிறுத்தலாம். எவ்வளவு எடுத்தோம் என்று தெரியாமல் தேய்த்துக்கொண்டே இருக்கும் ஆபத்து அதில் இல்லை. காய்ந்த தேய்ப்பு வேண்டவே வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. மெஷின் வேலைக்கும் என்95 முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். ஈரத் தரையில் மின்சார மெஷின் பிடிக்கிறீர்கள் என்பதால், மின்கசிவு வந்தால் வெட்டிவிடும் சுவிட்ச் உள்ள இணைப்பில் மட்டும் சொருகுங்கள். செருப்போடு நிற்காமல் ரப்பர் அடி ஷூ போடுங்கள்.

நட்சத்திரம் மாதிரி சின்ன விரிசல்கள் எங்கேயாவது தெரிந்தால், குறிப்பாகக் கதவு மூலைகளில், அவை வெயிலால் வந்தவை அல்ல. அடியில் பலகை அசைகிறது, அல்லது எங்கோ இடித்திருக்கிறது. தேய்த்தால் விரிசலில் காம்பவுண்ட் போய் உட்கார்ந்து இன்னும் பளிச்சென்று தெரியும். குறித்துவைத்துக்கொண்டு தனியாகச் சரிசெய்யுங்கள்.

மெருகு பாலிஷைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நுரை பேட், மெல்லிய பாலிஷ், அதே சதுரம், குறைந்த அழுத்தம். கட்டிங் விட்டுப்போன சுழிக்கோடுகள் போனால் போதும்.

வாக்ஸுக்கு முன் நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம், எனக்கு அதுதான் ஆற்றாமை. மெருகேற்றிய ஜெல்கோட்டுக்கு நுண்துளைகள் உண்டு. மேலே ஒன்றும் போடாமல் விட்டால் நம் வெயிலில் சில மாதத்தில் மறுபடி மங்க ஆரம்பிக்கும், நீங்கள் செலவழித்த அந்தத் தோல் வீண். தேய்த்த அதே நாளில், அந்தந்தப் பக்கம் முடிந்ததும், வாக்ஸ் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். பாதி வண்டி தேய்த்து வாக்ஸ் போடாமல் அடுத்த வாரக்கடைசி வரை விடாதீர்கள். கார்னாபா வாக்ஸ் பார்க்க ஆழமாக அழகாக இருக்கும், ஆனால் திறந்தவெளியில் நிற்கும் வண்டியில் இங்கே இரண்டு மாதம் தாங்கினால் பெரிது. பாலிமர் சீலண்ட் (கூரை ஓட்டைக்குப் போடும் சீலண்ட் இல்லை, வாக்ஸ் மாதிரி மேலே பூசுவது) அதைவிட நெடுநாள் நிற்கும். நான் சீலண்ட் இரண்டு கை போட்டு, நடுவில் ஒரு நாள் இடைவெளி விடுவேன். செராமிக் கோட்டிங் கேட்பீர்கள், இந்தக் காலத்தில் கேட்காதவர்கள் இல்லை. நல்ல சரக்குதான். ஆனால் பூசி இறுகும் வரை மழையும் பனியும் படக் கூடாது, அடியில் எந்தக் குறையும் இருக்கக் கூடாது. இருந்தால் அந்தக் குறையையும் சேர்த்துப் பூட்டிவிடும். கூரையுள்ள இடம் கிடைக்கும்போது யோசியுங்கள். இந்த முறை வேண்டாம்.

பட்டறைக்காரர் சொன்ன பெயிண்ட் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்ச் சோதனையில் இழை தெரிந்த இடங்கள் பாதிக்கு மேல் இருந்தால் அவர் சொன்னது சரி. மூக்கும் கூரையும் மட்டும் தீர்ந்து, பக்கங்கள் நன்றாக இருந்தால் அந்த இரண்டை மட்டும் அடிக்கலாம். எப்படியானாலும் பெயிண்ட் என்பதும் அதே வெயிலில்தான் நிற்கப்போகிறது. அதற்கும் கழுவலும் வாக்ஸும் வேண்டும்.

வேலை முடிந்த பிறகு முழு வண்டியையும் மூடும் உறை வாங்கலாமா என்று மச்சான் கேட்பார். நம் ஈரக்காற்றில் உறைக்குள் வியர்த்து, ஒரு மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். காற்றில் படபடவென்று அடித்து உறையே பாலிஷைத் தேய்த்துவிடும். நாலு தூண் நட்டு ஒரு தகரக் கூரை போட முடிந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கார் ஷாம்பூவில் கழுவுங்கள், தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் வாக்ஸ் இருக்கிறது. தாளாகப் பரவி நின்றால் அந்த வாரமே ஒரு கை போடுங்கள். கூரைக்கும் மூக்குக்கும் மற்ற இடங்களைவிட இரண்டு மடங்கு அடிக்கடி. வண்டி மேற்குப் பார்த்தே நிற்கிறதென்றால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை திருப்பி நிறுத்தச் சொல்லுங்கள். டயருக்கும் நல்லது.

முதல் வாரக்கடைசிக்கு மெஷினை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். காந்தம், கறுப்புத் துணி, ஒரு சின்ன டப்பா காம்பவுண்ட், ஹேர் டிரையர் இவ்வளவு போதும். கூரைச் சீலண்டைப் பார்த்துவிட்டு, ஒரு அடிச் சதுரத்தைக் கையாலேயே தேய்த்துப் பாருங்கள். அந்தச் சதுரம் எப்படி வந்தது, நனைத்தபோது மூக்கில் என்ன நிறம் தெரிந்தது என்று எழுதுங்கள். எந்த அளவு காம்பவுண்ட் வாங்குவது, உப்புத்தாள் வேண்டுமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.